ஐம்பது சென்டிமீட்டர், ஆறு மணி நேரம்

எங்கள் நகர சபை ஒரு குழாய் கேட்டது. நாலடி விட்டத்தில் ஒரு சிமெண்ட் குழாய், அவ்வளவுதான். மேட்டுச் சாலைக்கு அடியில் இப்போது கிடப்பது ஒன்றரை அடிக் குழாய். அதிலும் பாதி மண். மழை பெய்தால் ஊரின் மொத்தத் தண்ணீரும் அந்த ஒன்றரை அடியைத் தேடி வந்து, வழி கிடைக்காமல், கீழ்த்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். இதைப் பதினோரு வருடமாக விண்ணப்பமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். எழுதியது நான். சபையின் ஒரே எழுத்தர் என்பதால் ஊரின் குறைகள் அத்தனையும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

பன்னிரண்டாவது வருடம் பதில் வந்தது. குழாய் வரவில்லை, ஆலோசனை வந்தது.

கடிதத்தின் தலையில் 'சிறிய உள்ளாட்சி அமைப்புகளுக்கான பருவநிலைத் தாங்குதிறன் மற்றும் குறைகார்பன் உட்கட்டமைப்பு நிபுணர் ஆலோசனைத் திட்டம்' என்று இருந்தது. தலைவர் அதை உரக்க வாசித்தார். நடுவில் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் வாசித்தார். விஷயம் இதுதான்: குழாய் கேட்பது எப்படி என்று நிபுணர்கள் வந்து இலவசமாகச் சொல்லித் தருவார்கள். மொத்தம் ஐந்து கட்டங்கள். ஐந்தையும் தாண்டினால் குழாய் பரிசீலிக்கப்படும்.

"ஓசியில அறிவு குடுக்கறாங்க. வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்றார் தலைவர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கீழ்த்தெருவின் கோடியில், உயரமான மேடைமேல் ஒரு பம்பு அறை உண்டு. உள்ளே ஒரு டீசல் பம்பு. தெருவில் தேங்கும் தண்ணீரை உறிஞ்சி மேட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் ஓடும் கால்வாயில் கொட்டும். அதை இருபது வருடமாக ஓட்டுகிறவரை ஊரே மோட்டார் என்றுதான் கூப்பிடும். சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவருக்கு வேறு பெயர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதர். பம்பு அறையிலேயே படுக்கை. சாப்பாடு மட்டும் தெருவின் நடுவில் இருக்கும் அக்கா வீட்டில்.

அந்த அக்கா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். புருஷன் போன பிறகு ஒரு மிஷினையும் ஒரு தம்பியையும் வைத்துக்கொண்டு கெட்டிக்காரத்தனமாகப் பிழைத்தவர். கட்டிலுக்கு நாலு காலிலும் எட்டெட்டுச் செங்கல் வைத்து உயர்த்தி, மழை இருட்டிக்கொண்டு வந்தால் மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிடுவார். எங்கள் விண்ணப்பங்களில் பொதுமக்கள் சார்பில் முதல் கையெழுத்து எப்போதும் அவருடையது. பதினோரு தடவையும் கோணாமல் போட்டிருக்கிறார்.

ஆலோசகர் வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், எல்லோரும் சொல்வதைக் குறித்துக்கொள்வார். முதல் கூட்டத்திலேயே கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்: "நாங்க தீர்வு குடுக்கறவங்க இல்ல. தீர்வைத் தேடற பயணத்துல உங்க கூட நடக்கறவங்க."

"நடக்கறதுன்னா பேண்ட்ட மடிச்சு விட்டுக்கணும் சார். கீழ்த்தெருவுல கெண்டைக்கால் தண்ணி நிக்கும்" என்றார் மோட்டார். அவர் கிண்டல் பண்ணவில்லை. உண்மையிலேயே அக்கறையாகத்தான் சொன்னார். ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டார்.

முதல் கட்டம், கனவு காண்பது. சுவரில் ஒரு பெரிய தாளில் இலையில்லாத மரம் ஒன்றை வரைந்து ஒட்டினார்கள். ஆளுக்கொரு பச்சைச் சீட்டுக் கொடுத்து, ஊரைப் பற்றிய கனவை அதில் எழுதி மரத்தில் இலையாக ஒட்டச் சொன்னார்கள். அக்கா 'குழாய்' என்று எழுதி ஒட்டினார். ஆலோசகர் அதைப் பக்குவமாகப் பிரித்தெடுத்தார்.

"அம்மா, குழாய்ங்கறது பொருள். எங்களுக்குப் பொருள் வேண்டாம், கனவு வேணும்."

"என் கனவுல குழாய்தான் சார் வருது."

"அதுக்கும் பின்னாடி போங்க. ஆழமாப் போங்க."

அக்கா ஆழமாகப் போய், 'வீட்டுக்குள்ள தண்ணி வராம ஒரு மழை' என்று எழுதிக் கொடுத்தார். அதை மரத்தின் உச்சியில் ஒட்டிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டாம் கட்டம் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். சபையிடம் எத்தனை மின்சாரப் பேருந்துகள் இருக்கின்றன என்று ஒரு கேள்வி. எங்களிடம் இருப்பது ஒரு டிராக்டர், அதுவும் தள்ளினால் ஓடும். பூஜ்யம் போட்டேன், கணினி ஏற்கவில்லை. 'விரைவில்' என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. இந்த வழி பிடிபட்ட பிறகு மீதிக் கேள்விகளை ஒரே மதியத்தில் முடித்துவிட்டேன்.

மூன்றாம் கட்டத்தில் கார்பன் குழு பம்பு அறைக்கு வந்து ஒரு மணி நேரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. சபை வெளியிடும் புகையில் அறுபத்தொரு சதவீதம் இந்தப் பம்பிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது. மோட்டாருக்குப் பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை, என்னைப் பார்த்தார். வெளியே குழுவின் இரண்டு வண்டிகள் ஏசி அணையாமல் உறுமிக்கொண்டிருந்தன. அந்தப் புகை எங்கள் சபையின் கணக்கில் சேராதாம்.

பம்பு ஓடும் ஒவ்வொரு மணிக்கும் எங்களுக்கு மதிப்பெண் குறையும் என்றார்கள். "அப்ப மழை பேஞ்சா?" என்று கேட்டார் மோட்டார்.

"மழை எங்க குழுவுக்குக் கீழ வராது. அது தாங்குதிறன் குழு. அவங்க வியாழக்கிழமை வருவாங்க" என்றார்கள்.

வியாழக்கிழமை வந்தார்கள். அக்காவின் வீட்டைப் பார்த்ததும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த செங்கல்களைக் குனிந்து, படுத்து, பல கோணங்களில் படமெடுத்தார்கள். 'சமூகமே கண்டெடுத்த தகவமைப்பு உத்தி' என்று குறித்துக்கொண்டார்கள். அக்கா ஆளுக்கொரு டம்ளர் தேநீர் கொடுத்து, குழாய் எப்போது வரும் என்று கேட்டார்.

"உங்கள மாதிரி ஜனங்ககிட்டதான் நாங்க கத்துக்கணும். தண்ணி வந்தாலும் அசராம இருக்கீங்க பாருங்க" என்றார் குழுத்தலைவர்.

கீழ்த்தெருவின் தாங்குதிறனுக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு கிடைத்தது. தலைவர் லட்டு வாங்கிக் கொடுத்தார். மதிப்பெண் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு உதவி தேவையில்லை என்று அர்த்தம் என்பது லட்டைத் தின்று முடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான்காம் கட்டத்தில் ஆலோசகர் ஒரு கோப்போடு வந்து உட்கார்ந்தார். முகத்தில் நிஜமான வருத்தம். எங்கள் ஊரில் வெள்ளம் வருவதற்குச் சான்று இல்லை என்றார். தெருமுனையில், பம்பு அறைக்கு எதிரே அவர்கள் நட்டிருந்த நீர்மட்டக் கம்பம் ஆறு மாதமாக எல்லா மழையையும் அளந்திருக்கிறது. ஒரு தடவைகூட முப்பது சென்டிமீட்டரைத் தாண்டவில்லை.

"மோட்டார்தான் பம்பப் போட்டுடறாருல்ல சார், எப்படித் தாண்டும்?" என்றார் தலைவர்.

"அது எனக்குப் புரியுது. ஆனா கம்பத்துக்குப் புரியாதே. ஐம்பது சென்டிமீட்டர், தொடர்ந்து ஆறு மணி நேரம். ஒரே ஒரு தடவை பதிவானாப் போதும். வெள்ளப் பகுதின்னு நானே பரிந்துரை எழுதறேன்." இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, யாரிடமோ சொல்வதுபோல் சேர்த்துக்கொண்டார்: "பம்ப போடாதீங்கன்னு நான் சொல்லல. அப்படிச் சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது."

அன்று சாயங்காலமே கீழ்த்தெருவில் கூட்டம் போட்டோம். அடுத்த பெருமழைக்குப் பம்பைப் போடாமல் விடுவது, தெருவை முழுக விடுவது, ஒரே தடவையில் காரியத்தை முடித்துவிடுவது என்று தலைவர் விளக்கினார். சத்தம் போட வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தார்கள். யார் சாமானை யார் வீட்டு மாடியில் வைப்பது, பள்ளிக்கூடத்து மேல்தளத்தில் எத்தனை பேர் தங்கலாம், சமையலுக்கு யார் என்று பேச்சு கல்யாண வேலைபோல் சூடு பிடித்தது. மோட்டார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இருபது வருஷமா தண்ணிய வெளிய தள்றதுதான் என் வேலை. உள்ள விடறது என்னால ஆகாது" என்றார்.

அக்காதான் அவரை அடக்கினார். "ஏன்டா, வருஷத்துக்கு ஏழு தடவை அரைகுறையா முழுகறதுக்கு ஒரு தடவை ஒழுங்கா முழுகிட்டுப் போறோம். பம்பு பக்கத்துலயே உக்காந்து உனக்கும் வயசாகுது. உனக்கப்புறம் எவன் ராப்பகலாக் காவல் காப்பான்?"

அக்கா சொன்னால் மோட்டாருக்கு அதற்குமேல் பேச்சு கிடையாது.

எல்லாம் முடிவான பிறகு ஆலோசகர் தொலைபேசியில் ஒரு சின்ன விதியைச் சொன்னார். பாதிப்பு என்று பதிவாக வேண்டுமானால் தெருவில் குறைந்தது ஒரு வீட்டிலாவது ஆள் இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் தண்ணீர் நுழைந்தால் அதற்குப் பெயர் நீர்த்தேக்கம். ஆளிருக்கும் வீட்டில் நுழைந்தால்தான் வெள்ளம். விதிப் புத்தகத்தில் பக்க எண்ணோடு இருக்கிறதாம்.

யார் இருப்பது என்று பேச்சு வந்தபோது தெரு முழுக்க அக்கா வீட்டைப் பார்த்தது. பார்க்கத்தான் செய்யும். எண்பத்தெட்டு மதிப்பெண் வாங்கிக் கொடுத்த கட்டில் அங்கேதானே இருக்கிறது.

"நான் இருக்கேன். கட்டில்மேல உக்காந்துட்டு நாலு சட்டைக்குக் காஜா எடுத்தா ஆறு மணி நேரம் ஓடிரும்" என்றார் அக்கா. 'வீட்டில் தங்குபவர்: ஒருவர், சுயவிருப்பம்' என்று படிவத்தில் நிரப்பினேன். கையெழுத்தைக் கோணாமல் போட்டார்.

மழை ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் பிடித்தது. தெருக்காரர்கள் பாயையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தலைவர் வாசலில் குடையோடு நின்று ஆட்களை எண்ணினார். ஆலோசகர் எட்டு மணிக்கெல்லாம் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பம்பு அறைக்கு வந்துவிட்டார். மோட்டார், பம்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க நோட்டோடு உட்கார்ந்தேன்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குக் கம்பத்தில் ஐம்பது வந்தது. ஆலோசகர் மூச்சை விட்டார். "ஆரம்பிச்சாச்சு" என்றார்.

பதினொரு மணிக்கு எழுபது. மோட்டார் அக்காவுக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"எப்படியிருக்க?"

"மகாராணி மாதிரி இருக்கேன். செருப்பு ஒண்ணு மிதந்து போச்சு, யாருதுன்னு தெரியல. நீ சாப்பிட்டியா?"

ஒரு மணிக்குத் தொண்ணூறு. "ஐம்பதுதானே சார் கேட்டீங்க, தொண்ணூறு ஆயிருச்சு. மிச்சத்தயாவது எடுத்துடறேனே. ஐம்பதுல கொண்டுபோய் நிறுத்திடறேன்" என்று மோட்டார் கேட்டார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பம்பு ஒரு நிமிஷம் ஓடினாலும் இது இயற்கையான வெள்ளம் இல்லன்னு ஆயிடும். பட்ட கஷ்டமெல்லாம் வீணாப் போயிடும். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்" என்றார் ஆலோசகர். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கம்பத்தை விட்டு மட்டும் அது நகரவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு அக்காவே கூப்பிட்டார். பின்சுவர் ஈரம் குடித்து லேசாகப் பிதுங்கினாற்போல் இருக்கிறது என்றார். மோட்டாரின் கை விசைக்குப் போய்விட்டது. "போடறேன்க்கா. போட்டுடறேன். நாசமாப் போகட்டும் அந்தக் குழாய்."

"டேய், இருடா. அஞ்சேகால் மணி நேரம் பொறுத்தாச்சு. இன்னும் எவ்வளவு?"

மோட்டார் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நாப்பது நிமிஷம்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னவன் நான்தான். எந்தக் கோப்பிலும் அது இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

"நாப்பது நிமிஷந்தானே. இன்னொரு தடவ எல்லாத்தையும் முதல்ல இருந்து யாரு பண்றது? பேசாம இரு" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஆலோசகர் மோட்டாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். முழுமையான பதிவு" என்றார். மோட்டார் கையை உதறிக்கொண்டு பம்பைப் போட்டார். போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இடுப்புக்கு மேல் தண்ணீரில் தெருவுக்குள் இறங்கி ஓடப் பார்த்தார். அந்தத் தண்ணீரில் யாராலும் ஓட முடியாது. அவருக்குப் பின்னால் நானும் இறங்கினேன்.

பின்சுவர் கட்டிலின்மேல் விழுந்திருந்தது. கட்டிலின் நாலு காலும் எட்டெட்டுச் செங்கல்மேல் அசையாமல் நின்றுகொண்டிருந்தன.

அக்காவை எடுத்து அடக்கம் செய்து இருபது நாளில் அறிக்கை வந்தது. இவ்வளவு சீக்கிரம் மேலிடத்திலிருந்து எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. தலைவர் வாசித்தார். இந்தத் தடவை நடுவில் தண்ணீர் குடிக்கவில்லை.

'குறிப்பிட்ட நாளில் நீர்மட்டம் நூறு சென்டிமீட்டர்வரை உயர்ந்து ஆறு மணி நேரம் நீடித்தது உறுதி செய்யப்பட்டது. எனினும் பம்பு இயக்கப்பட்ட பின் நான்கு மணி நேரத்தில் நீர் முற்றிலும் வடிந்துள்ளது. ஆகவே வடிகால் திறன் போதுமானதாக உள்ளது. இந்நிகழ்வு பருவநிலை சார்ந்த வெள்ளம் அன்று. பணியாளர் உரிய நேரத்தில் பம்பை இயக்காததால் நேர்ந்த பராமரிப்புக் குறைபாடு. புதிய குழாய்க்கு அவசியம் எழவில்லை. பணியாளருக்கு மூன்று நாள் பயிற்சி அளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' கடைசியில் ஒரு பாராட்டும் இருந்தது. அந்த நாளின் முதல் பாதியில் சபை வெளியிட்ட கார்பன், பதிவுகளிலேயே மிகக் குறைவாம்.

தலைவர் தாளை மேஜைமேல் வைத்தார். வெளியே போய் வராந்தா தூணில் சாய்ந்துகொண்டு நின்றவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. அவரும் கீழ்த்தெருவில் பிறந்தவர்தான்.

மோட்டார் பயிற்சிக்குப் போனார். போகமாட்டேன் என்பார், நாலு வார்த்தை கேட்பார், நாற்காலியைத் தூக்கி அடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்டேன். அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு போய் மூன்று நாளும் உட்கார்ந்துவிட்டு வந்தார். மழை வந்தால் பம்பைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம்.

ஐந்தாம் கட்டம் மிச்சம் இருந்தது. பயனாளியின் கருத்துப் படிவம். எங்கள் ஊருக்குப் பயனாளி என்று பதிவாகியிருந்தது அக்காவின் பெயர். அவர் இல்லாததால் நெருங்கிய உறவினர் நிரப்பலாம் என்று விதி இருந்தது. ஆலோசகர் மோட்டாரை சபைக்கு வரவழைத்து, எதிரில் உட்காரவைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"இத நிரப்பினாத்தான் உங்க ஊர் கோப்பு திறந்திருக்கும். இல்லன்னா மூடிடுவாங்க" என்றார்.

"திறந்திருந்தா குழாய் வருமா சார்?"

"மறுபடி விண்ணப்பிக்கற தகுதி இருக்கும்."

மோட்டார் எழுத ஆரம்பித்தார். ஆலோசனை எளிமையாகப் புரிந்ததா, ஆம். நிபுணர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா, ஆம். பிற ஊர்களுக்கு இத்திட்டத்தைப் பரிந்துரைப்பீர்களா என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அதற்கும் ஆம் போட்டார். அந்த மனிதர் கோப்பு மூடிவிடக் கூடாது என்று தன் அக்காவைக் கொன்றவர்களுக்கு நற்சான்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கொன்றவர்களில் நானும் உண்டு.

கடைசிக் கேள்வி: 'இத்திட்டத்தால் உங்கள் வாழ்வில் ஏற்பட்ட மாற்றத்தை ஐம்பது சொற்களில் எழுதுக.'

மோட்டார் 'அக்கா இல்லை' என்று எழுதிப் பேனாவை மூடினார்.

ஆலோசகர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு படிவத்தை மெதுவாக மோட்டார் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு வார்த்தைதான் இருக்கு. குறைஞ்சா கணினி ஏத்துக்காது. இன்னும் நாப்பத்தெட்டு வேணும். என்ன வேணும்னாலும் எழுதலாம்."

மோட்டார் மறுபடி பேனாவைத் திறந்தார். 'நாலடிக் குழாய் வேண்டும்' என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் மறுபடியும் 'நாலடிக் குழாய் வேண்டும்' என்று எழுதினார். கட்டத்துக்குள் அடங்க எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டு, வரி கோணாமல், பதினாறு தடவை எழுதினார்.

ஆலோசகர் ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து எண்ணினார். சரியாக ஐம்பது இருந்தது. படிவத்தை என்னிடம் நீட்டினார். நான் அதை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்து அனுப்பினேன். கணினி ஏற்றுக்கொண்டது.